இரண்டு ஓட்டைத் தலையணையும் நாலு நூல் வளையமும்: டர்பனில் ஒரு தையல்கடை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கிரே தெரு, இப்போது டாக்டர் யூசுப் தாதூ தெரு. ஜும்மா மசூதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு தையல்கடை இருக்கிறது. சேலைக்கு ஃபால்ஸ், பிளவுஸ், பள்ளிச் சீருடை என்று எப்போதும் கூட்டம். நான் போனது இதற்கெல்லாம் இல்லை. எனக்கு இரண்டு ஓட்டை உள்ள ஒரு தலையணை வேண்டியிருந்தது.

ஊர் திருநெல்வேலி. டர்பனில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். லெஃப்ஷெட்ஸ் ஃபைப்ரேஷன் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் காட்டியாக வேண்டும். நாலு பரிமாண வெளியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதை ஒரு கோளத்தின் மேல் பரப்புகளாகப் பிரித்து அடுக்கிவிட்டால் (இந்த அடுக்குதான் லெஃப்ஷெட்ஸ் ஃபைப்ரேஷன்), என் உதாரணத்தில் கோளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே இருப்பது வெறும் இரண்டு ஓட்டைப் பரப்புதான். சில புள்ளிகளில் மட்டும் அந்தப் பரப்பில் ஒரு வளையம் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். அப்படி ஒரு புள்ளியைச் சுற்றி வந்து பார்த்தால், பரப்பை அந்த வளையத்தோடு வெட்டி, ஒரு முழுச்சுற்று திருகி, மறுபடி ஒட்டிய மாதிரி இருக்கும். இதற்குப் பெயர் டேன் முறுக்கு. எந்தெந்த வளையம், எந்த வரிசை என்ற பட்டியல் இருந்தால் போதும், முழு வெளியையும் கட்டிவிடலாம்.

வெட்டு, திருகு, ஒட்டு. இதைத் தையல்காரரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கடைக்கார ஆன்ட்டிக்கு அறுபது வயது இருக்கும். இங்கே மூத்த பெண்கள் எல்லாருமே ஆன்ட்டிதான். தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி. என்னைத் 'தம்பி' என்பார். கணிதவியலாளர் மட்சுமோட்டோ கண்டுபிடித்த பட்டியலை வரைந்து கொண்டுபோனேன். நாலு வளையம், அதே வரிசையில் இரண்டு முறை, ஆக 8 முறுக்கு, முடிவில் பரப்பு பழையபடி ஆகிவிடும். படத்தைப் பார்த்த ஆன்ட்டி நாலாவது வளையத்தில் விரலை வைத்தார். "இதுல வெட்டினா ரெண்டு துண்டு. மத்த மூணுல வெட்டினா ஒண்ணாத்தான் கிடக்கும்." வகுப்பில் இதற்கு நான் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வேன்.

சாம்பல் நிறப் பருத்தித் துணி. வளையங்களுக்குச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் நூல். முறுக்கைக் காட்ட ஒவ்வொரு வளையத்துக்கும் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு வளையத்தை நெருங்கியதும் வலது பக்கம் திரும்பி, ஒரு சுற்று சுற்றிவிட்டு அந்தப் பக்கம் போக வேண்டும். 'வலது' என்று நாலு இடத்திலும் எழுதிக் கொடுத்தேன். 480 ரேண்ட், முன்பணம் 200.

வெள்ளிக்கிழமை என்றார். கைக்கு வந்தது பதினொரு நாள் கழித்து. 2023இன் லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, காரணமாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை, அவருடையது கால்மிதி மெஷின். கல்யாண சீசன், அவ்வளவுதான்.

வேலை அருமை. ஓட்டையின் உள்விளிம்பில்தான் துணி இழுத்துச் சுருங்கும். அந்த இடத்துக்கு மட்டும் கிராஸாக வெட்டிய துண்டு கொடுத்திருந்தார், ஒரு சுருக்கம் இல்லை. பஞ்சை எடுக்க அடியில் ஜிப், நான் கேட்காமலே.

அப்புறம் பச்சை வளையத்தைப் பார்த்தேன். கறுப்புக் கோடு இடது பக்கம் திரும்பியிருந்தது.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன தம்பி, அந்தப் பக்கத்துலேருந்து பாருங்க, சரியா வரும்" என்றார். திருப்பிப் பிடித்தோம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இடதுதான். ஆன்ட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெஷினிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ஆமா, இதோட மரையும் எப்படித் திருப்பினாலும் மாறாது" என்றார். முறுக்கின் திசை பற்றி இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

விடவில்லை அவர். பஞ்சை உருவி, ஜிப் வழியாகத் தலையணையையே உள்வெளியாகப் புரட்டினார். இப்போது பச்சை வலது. ஆனால் மற்ற மூன்றும் இடது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஒரு கோட்டுக்கு இவ்வளவு அடமா என்று கேட்டால், ஆமாம். எல்லா முறுக்கும் வலது என்றால்தான் கணிதவியலாளர் காம்ப் நிரூபித்த தேற்றம் உதவும்: ஓட்டை இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் அந்த வெளிக்கு சிம்ப்ளெக்டிக் அமைப்பு (பரப்பளவு அளப்பது போன்ற ஒரு வடிவியல் அமைப்பு) உண்டு. ஒன்று இடது ஆனாலும் அந்த உத்தரவாதம் போச்சு. இந்தப் பட்டியலில் பச்சையை இடது ஆக்கினால், முறுக்குகளை வரிசையாகச் செய்து முடித்தாலும் பரப்பு பழைய நிலைக்குத் திரும்பாது.

மட்சுமோட்டோவின் பட்டியல் தருவது பழகிய வெளிதான். இதே இரண்டு ஓட்டைப் பரப்பில் வேறு பட்டியல்களை எழுதி, பாய்குர், கோர்க்மாஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 2017இல் எக்ஸாட்டிக் வெளிகளைக் கட்டினார்கள். கலப்பெண் புரொஜெக்டிவ் தளம் என்ற பழகிய நாலு பரிமாண வெளியை 7, 8 அல்லது 9 இடத்தில் ஊதிப் பெருக்கினால் (ஒரு புள்ளியை எடுத்துவிட்டு அங்கே ஒரு கோளத்தை வைப்பது) கிடைப்பதை ரப்பர் போல இழுத்து வளைத்தால் இவையாகிவிடும். ஆனால் நுண்கணிதம் போடும் அளவுக்கு வழவழப்பாக ஒன்றை மற்றதாக மாற்றவே முடியாது. இப்படி ஒரு ஜோடியை முதலில் காட்டியவர் டொனால்ட்சன், 1987இல், 9 இடத்தில் ஊதிய வெளிக்கு. அவருடைய ஜோடி இயற்கணித வடிவியலிலிருந்து வந்தது. பாய்குர்-கோர்க்மாஸ் பட்டியல்களோ வளையமும் வரிசையும் மட்டும். நூல் இருந்தால் தைத்துக் காட்டிவிடலாம். எனக்கு அதுதான் பிடித்தது.

சரி, கடைக்கு வருவோம். பச்சைக் கோட்டைப் பிரித்து அங்கேயே திரும்பத் தைத்துக் கொடுத்தார், கூடுதல் காசு வாங்கவில்லை. கடைக்கு என் மதிப்பெண் ஐந்தில் நாலு நட்சத்திரம், ஒன்றைத் தாமதத்துக்குக் குறைத்தேன். போகிறவர்கள் எழுதிக் கொடுத்தால் போதாது, ஒரு துண்டுத் துணியில் கோடு போட்டுக் காட்டுங்கள். கார்டு வாங்க மாட்டார், காசுதான். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை பூட்டியிருக்கும்.

பிரித்த இடத்தில் பழைய ஊசித்துளைகள் இன்னும் தெரிகின்றன. தலையணையை வகுப்பில் சுற்றுக்கு விட்டால் பிள்ளைகளின் விரல் முதலில் போய் நிற்பது அங்கேதான்.