செக்குபந்தியோடு ஒரு நடை: மெல்போர்ன் ஃபிட்ஸ்ராய்

மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதியை நடத்தியே சுற்றிக் காட்டும் ஒரு சிறு குழுவில் மகள் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். ஊரில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். எந்த இடமானாலும் முதலில் செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை, தெரிந்தாக வேண்டும். வழிகாட்டி அம்மாவும் அதிலிருந்துதான் தொடங்கினார்: நிக்கல்சன் தெருவுக்குக் கிழக்கு, ஸ்மித் தெருவுக்கு மேற்கு, அலெக்சாண்ட்ரா பரேடுக்குத் தெற்கு, விக்டோரியா பரேடுக்கு வடக்கு. மொத்தமே சுமார் 1.4 சதுர கிலோமீட்டர்.

எல்லையை வைத்தே கதை சொன்னதுதான் இந்த நடையின் பலம். ஃபிட்ஸ்ராய் கார்டன்ஸ் என்ற பூங்கா ஃபிட்ஸ்ராயில் இல்லை, ஈஸ்ட் மெல்போர்னில் இருக்கிறது. ஃபிட்ஸ்ராய் கால்பந்து அணியின் பழைய மைதானமோ அலெக்சாண்ட்ரா பரேடுக்கு அந்தப் பக்கம், ஃபிட்ஸ்ராய் நார்த்தில். நம் சார்பதிவாளரிடம் இப்படி ஒரு பத்திரத்தை நீட்டினால் முகத்திலேயே எறிவார்.

இது உருண்ஜெரி என்ற பழங்குடி மக்களின் மண். 1839இல் காலனி அரசு பெரிய பெரிய மனைகளாக விற்றது. வாங்கியவர்கள் அவரவர் இஷ்டத்துக்குக் கூறுபோட்டதன் பலன் இன்றைய குறுகிய சந்துகளில் தெரிகிறது. 1858இல் மெல்போர்ன் நகராட்சியிலிருந்து பிரிந்து ஃபிட்ஸ்ராய் தனி நகராட்சியானது. 1994இல் காலிங்வுட், ரிச்மண்டோடு சேர்த்து யாரா நகராட்சிக்குள் போட்டுவிட்டார்கள். ஆக ஸ்மித் தெருவின் இரண்டு பக்கமும் இப்போது ஒரே நகராட்சி. ஆனாலும் மேற்குப் பக்கத்துக் கடை ஃபிட்ஸ்ராய், எதிர்க்கடை காலிங்வுட்! இதைக் கேட்டதும் எனக்குக் கால்வலியே மறந்துபோனது.

குறையும் உண்டு. சுவரோவியங்களுக்கு முன்னால் படம் எடுக்கவே பாதி நேரம் போனது. பழைய வீடுகளை இடித்து எழுப்பிய ஆதர்டன் கார்டன்ஸ் 20 மாடிக் குடியிருப்புகளை நின்று பார்க்கக்கூட விடவில்லை. 1973இல் பழங்குடி மக்கள் தங்களுக்கென்று தாங்களே மருத்துவ மையம் தொடங்கிய கெர்ட்ரூட் தெருவிலும் அதே அவசரம். ஒரு வரைபடம் கையில் கொடுத்திருக்கலாம். டிராம் கடக்கும்போது பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றுமே கேட்காது.

கொடுத்த காசுக்கு மோசமில்லை. வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடந்துகொள்ளுங்கள். முழங்கால் தகராறு உள்ளவர்கள் பணம் கட்ட வேண்டாம். 86ஆம் எண் டிராமில் ஏறினால் கெர்ட்ரூட் தெரு வழியாக ஸ்மித் தெருவுக்கு வந்துவிடலாம், கிழக்கெல்லையை உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.