லோடு கரண்ட் அளக்க ஷண்ட்: ரொம்ப நாள் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

ஷண்ட்னா கரண்ட் போற வழியில வைக்கிற ரொம்ப சின்ன ரெசிஸ்டன்ஸ், அதுல விழுற வோல்டேஜை வச்சு கரண்டைக் கணக்குப் போடலாம். 24 வோல்ட் பேட்டரி லைன்ல 50 ஆம்ப்ஸ், 75 மில்லிவோல்ட் ஷண்ட் ஒன்னு (50 ஆம்ப்ஸ் போனா 75 மில்லிவோல்ட் விழும்), அதோட அந்த வோல்டேஜை அளக்குற ஐஎன்ஏ226ங்கிற சிப் இருக்கிற போர்டு ஒன்னு, இந்த செட்டப் ரொம்ப நாளா நிக்காம ஓடிட்டு இருக்கு. ஷண்டைப் பத்தி குறை சொல்ல ஒன்னும் இல்லங்க, அது ஒரு உலோகத் துண்டு, கெட்டுப் போக அதுல என்ன இருக்கு. ரீடிங் சரியா வர்றதும் சொதப்புறதும் முக்கால்வாசி அதுலருந்து போர்டுக்கு போற ரெண்டு மெல்லிசு ஒயர்லதான் இருக்கு, ஆனா வாங்கும்போது எல்லாரும் ஷண்டையும் சிப்பையும் மட்டும்தான் கேப்பாங்க.

கணக்கு சிம்பிள். 75 மில்லிவோல்ட்டை 50 ஆம்ப்ஸால வகுத்தா 1.5 மில்லிஓம், 10 ஆம்ப்ஸ் போனா 15 மில்லிவோல்ட். ஃபுல் லோடுல 3.75 வாட் சூடாவே போகும், அதனால எழுதிருக்கிற ரேட்டிங்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல தொடர்ந்து ஓட்டாதீங்கன்னு சொல்லுவாங்க, அதாவது இதுக்கு 33 ஆம்ப்ஸ் சொச்சம். எனக்கு வழக்கமா 20க்குள்ளதான் போகுது, அப்போ 0.6 வாட், தொட்டா லேசா வெதுவெதுப்பு அவ்ளோதான்.

ஷண்டுக்கு நடுவுல இருக்கிற தகடு மாங்கனின், செம்பும் மாங்கனீஸும் நிக்கலும் கலந்தது, சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். சிலர் எதுக்கு காசு, கேபிள்லயே ஒரு நீளத்தை அளந்து ஷண்டா வச்சுக்கலாமேன்னு கேக்குறாங்க. செம்பு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், 25 டிகிரி சூடானா ரீடிங்ல 10 சதவீதம் போச்சு. கரண்ட் போகுதா இல்லையான்னு பாக்க மட்டும்னா ஓகே.

சிப் எடுக்கும்போது ஐஎன்ஏ219 விலை கம்மியா இருந்தாலும் அதை விட்டுட்டேன், ஏன்னா அது தாங்குறது 26 வோல்ட் வரைக்கும்தான், 24 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 28க்கு மேல போகும். ஐஎன்ஏ226 ஆனா 36 வோல்ட் வரைக்கும் தாங்கும், அது பிரிச்சுப் பாக்குற ஒரு ஸ்டெப் 2.5 மைக்ரோவோல்ட், இந்த ஷண்டுக்கு அது 1.7 மில்லிஆம்ப்ஸ் பக்கம் வருது. ஏசிஎஸ்712 மாதிரி ஹால் சென்சாரும் (கரண்டோட காந்தப்புலத்தை வச்சு அளக்குறது) இன்னொரு லைன்ல வச்சிருக்கேன், ஐசொலேஷன் கிடைக்குது, அதாவது மெயின் லைனுக்கும் போர்டுக்கும் நேரடி கனெக்ஷன் இல்ல, அது நல்ல விஷயம்தான், ஆனா சூட்டுக்கு ஜீரோ ஆடிட்டே இருக்கு, பக்கத்துல பெரிய கேபிள் போனா அதோட காந்தப்புலத்துக்கும் ஆடுது. சின்ன கரண்ட் பாக்க அதை நம்ப மாட்டேன்.

இப்போ அந்த ரெண்டு ஒயர். ஷண்ட்ல பெரிய போல்ட் ரெண்டு, சின்ன ஸ்க்ரூ ரெண்டு இருக்கும், பெருசு மெயின் கேபிளுக்கு, சின்னது சென்ஸ் ஒயருக்கு. சென்ஸ் ஒயரையும் பெரிய போல்ட்டுக்கு அடியிலயே சொருகுனா லக்குக்கும் (கேபிள் முனையில மாட்டுற உலோக வளையம்) தகட்டுக்கும் நடுவுல இருக்கிற ஜாயின்ட் ரெசிஸ்டன்ஸும் கணக்குல சேந்துரும், அது 0.3 மில்லிஓம் இருந்தாலே ரீடிங் 20 சதவீதம் தூக்கிக் காட்டும், அதுவும் நட்டு டைட்டா இருக்கிறதைப் பொறுத்து தினம் ஒரு நம்பர். அப்புறம் போர்டுல ஆர்100னு எழுதுன குட்டி ரெசிஸ்டர் ஒன்னு வரும், 0.1 ஓம். வெளி ஷண்ட் போடும்போது அதை கழட்டியே ஆகணும், இல்லைன்னா ஃபுல் லோடுல சென்ஸ் ஒயர் வழியா முக்கால் ஆம்ப்ஸ் கிட்ட ஓடி, ஒயர்லயே வோல்டேஜ் விழுந்து, ரீடிங் கம்மியா காட்டும்.

பாசிட்டிவ் பக்கம் ஷண்ட் போட்டா அந்த ஒயர் ரெண்டும் நேரா பேட்டரி பாசிட்டிவ்ல நிக்குதுங்கிறதை மறந்துறாதீங்க, எங்கயாவது உரசி கிரவுண்ட்ல பட்டா ஒயர் எரிஞ்சுரும். ஷண்ட் கிட்டயே சின்ன ஃப்யூஸ் வேணும், ரெண்டுலயும் ஒரே மாதிரி ஃப்யூஸ். சிப்போட இன்புட் ஒவ்வொன்னும் 10 மைக்ரோஆம்ப்ஸ் அளவுக்கு இழுக்கும், ஒரு பக்கம் மட்டும் அரை ஓம் கூடுனாலே 5 மைக்ரோவோல்ட் பொய். ஒயரை முறுக்கி விட்டு, ஒவ்வொரு ஒயர்லயும் 10 ஓம் ரெசிஸ்டர், ரெண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் போட்டதுல நாய்ஸ் நல்லாவே அடங்குச்சு.

நெகட்டிவ் பக்கம் போட்டா ஈஸிதானேன்னா, ஈஸிதான், ஆனா லோடுல இருக்கிற ஏதாவது ஒரு பொருளுக்கும் கன்ட்ரோலருக்கும் யூஎஸ்பி கேபிளோ சிக்னல் கேபிளோ போனா அதோட கிரவுண்ட் வழியா கொஞ்சம் கரண்ட் ஷண்டை சுத்திட்டுப் போயிரும், கேபிளை உருவுனா நம்பர் ஏறும், சொருகுனா இறங்கும். ஷண்ட் போல்ட் கழண்டுட்டா மொத்த லோடும் அந்த மெல்லிசு கிரவுண்ட்ல பாயும். அதான் நான் பாசிட்டிவ் பக்கமே போட்டேன்.

இன்வெர்ட்டர் ஓடும்போது கரண்ட் ஒரே சீரா வராது, ஏசி ஃப்ரீக்வென்சிக்கு ரெண்டு மடங்குல ஏறி இறங்கும், ஒத்த சாம்பிள் எடுத்தா நம்பர் குதிக்கும். சிப்லயே 128 சாம்பிள் ஆவரேஜ் வச்சிருக்கேன், ஒரு ரீடிங்குக்கு கால் செகண்டுக்கு மேல ஆகுது, நமக்கு அது போதும்.

ரொம்ப நாள் ஓட்டுறவங்களுக்கு உண்மையான தலைவலி ஆம்பியர் அவர் (எத்தனை ஆம்ப்ஸ் எத்தனை மணி நேரம் போச்சுங்கிற கணக்கு) கூட்டுறதுலதான். கரண்ட் ஜீரோவா இருக்கும்போதே சிப் 10 மைக்ரோவோல்ட் காட்டுனா (ஆஃப்செட்), அது 6.7 மில்லிஆம்ப்ஸ், ஒரு நாளைக்கு 0.16, ஒரு மாசத்துக்கு 5 ஆம்பியர் அவர் கிட்ட காத்துல வந்துரும். பேட்டரி ஃபுல் ஆகும்போதெல்லாம் கணக்கை ரீசெட் பண்ற மாதிரி கோடு எழுதுனதுக்கு அப்புறம்தான் பேட்டரில எவ்ளோ மிச்சம்னு காட்டுற பர்சன்டேஜை நம்பவே ஆரம்பிச்சேன். அதோட லக் நட்டை அப்பப்போ டைட் பண்ணி, ஷண்ட் ரெண்டு முனையும் ஒரே சூட்டுல இருக்கான்னு தொட்டுப் பாப்பேன், லோடை ஆஃப் பண்ணிட்டுதான். ஒரு பக்கம் மட்டும் சுட்டா அங்க ஜாயின்ட் லூஸ்.

48 வோல்ட்ல இதையே போடலாமான்னா 226ஐ பாசிட்டிவ் பக்கம் வைக்கவே முடியாது, 36தான் லிமிட். அதுக்கு ஐஎன்ஏ228 பாருங்க, 85 வோல்ட் வரைக்கும் போகும், 20 பிட், சார்ஜ் கூட்டுற வேலையையும் சிப்பே செஞ்சுரும், கோடுல அந்தப் பகுதி மிச்சம்.