மூங்கில் துணியா, லையோசெல்லா?

தொட்டால் இரண்டும் பட்டு மாதிரி வழுக்கும், குர்தாவாகத் தைத்தால் அழகாக விழும். இரண்டுக்கும் மூலப்பொருள் செடி, மரங்களின் கூழ்தான். வித்தியாசம் ஆலைக்குள் இருக்கிறது.

கடைகளில் ‘மூங்கில்’ என்று விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ் ரேயான், அதாவது கூழை ரசாயனத்தில் கரைத்துச் செய்யும் இழை. மூங்கில் வேகமாக வளரும், பூச்சிமருந்தும் அதிகம் கேட்காது, சரி. ஆனால் அதன் கூழைக் காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் சேர்த்துக் கரைத்துத்தான் இழையாக்குகிறார்கள். கார்பன் டைசல்பைடு தொழிலாளர்களின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. எனக்கு உறுத்துவது இதுதான்: அந்த ஆபத்தை மறைத்துவிட்டு, இயற்கைத் துணி என்கிறார்கள். ரேயானை மூங்கில் என்று விற்ற வழக்கில் 2022இல் அமெரிக்கக் கடை நிறுவனங்களான வால்மார்ட்டும் கோல்ஸும் சேர்த்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன.

லையோசெல்லில் கார்பன் டைசல்பைடே கிடையாது. வேறொரு கரைப்பானைப் பயன்படுத்தி, அதில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். ஆஸ்திரியாவின் லென்சிங் விற்கும் டென்சல் லையோசெல் இந்த வகை. நனைந்தாலும் விஸ்கோஸ் அளவுக்கு வலுவிழக்காது, அதனால் பல சலவை தாங்கும்.

விலை கூடுதல்தான். இருந்தாலும் நான் லையோசெல்லையே எடுப்பேன். மூங்கில்தான் வேண்டுமென்றால் லேபிளில் ‘மூங்கில் லையோசெல்’ என்று தேடுங்கள், அதுவும் கிடைக்கிறது.