சைக்கிளை குவிக் ரிலீசுக்கு மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: அளந்து பார்க்காத கடையில் விடாதீர்கள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட், லிந்தாங், லாசா பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நட்டு போட்டு முறுக்கும் சக்கரத்தை, ஸ்பேனர் இல்லாமல் லீவரை மடக்கிப் பூட்டும் குவிக் ரிலீசுக்கு மாற்றித் தருவதாக இங்கே ஒரு கடை சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் 160 வெள்ளி கொடுத்து மாற்றினேன். பின்சக்கரம் தோட்டத்துச் செம்மண் மேட்டில் ஃப்ரேமில் இடம்விட்டு நழுவியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை கிரைண்டர் வைத்துக் கெடுத்துவிட்டார்கள். கடையின் பெயரைக் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் சொல்வதாக இல்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்று விவரமாகச் சொல்ல முடியும். அது தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

என்னுடையது ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்து இறங்கும் பழைய சைக்கிள். இரும்பு ஃப்ரேம், 700சி சக்கரம், பின்னால் திருகிப் போடும் ஃப்ரீவீல் (பல்சக்கரம்). ஓட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை. மச்சானோடு சேர்ந்து ஈப்போ பக்கம் ஓட்டப் போகும்போது மைவி காரில் ஏற்ற இரண்டு சக்கரத்தையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் 15 நம்பர் ஸ்பேனரைத் தேடி, நட்டைக் கழற்றி, வாஷரைத் தொலைத்து, கையெல்லாம் கிரீஸ். அதனால்தான் மாற்ற நினைத்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காரில் ஏற்றும் தேவை இல்லாதவர்களுக்கு நட்டே போதும். நட்டுச் சக்கரம் ஒன்றும் மட்டமானது இல்லை. பாசாரில் நிறுத்திவிட்டுக் காய் வாங்கப் போனால் சக்கரம் திரும்பி வரும்போதும் அங்கேயே இருக்கும்.

குவிக் ரிலீஸ் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இத்தாலியில் துல்லியோ கம்பாக்னோலோ என்ற பந்தய வீரர், குளிரில் விறைத்த விரலால் சக்கரத்தின் காது நட்டைத் திறக்க முடியாமல் பந்தயத்தைக் கோட்டைவிட்டார், அந்தக் கோபத்தில் செய்ததுதான் இது என்பார்கள். எப்படியோ, அமைப்பு எளிமையானது. அச்சு உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும். அதன் ஊடே ஒரு மெல்லிய கம்பி போகும். ஒரு முனையில் லீவர், மறு முனையில் சின்ன நட்டு. லீவரை மடக்கினால் இரண்டு பக்கமும் ஃப்ரேமை நெருக்கிப் பிடிக்கும்.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: அது பிடிப்பது ஃப்ரேமை. அச்சு ஃப்ரேமின் பள்ளத்துக்குள் உட்கார்ந்தால் போதும், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. நட்டு போடும் கெட்டி அச்சு இரண்டு பக்கமும் நீளமாக வெளியே வரும், நட்டு முறுக்க அது வேண்டும். வெற்று அச்சு ஒரு பக்கத்துக்கு 5 மில்லி, கூடிப்போனால் 5.5 மில்லிதான் ஹப்பை (சக்கரத்தின் நடுக்கட்டையை) விட்டு வெளியே வர வேண்டும். அதனால் ஹப்பின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் லாக் நட்டுகளுக்கு இடையே உள்ள அளவோடு ஏறக்குறைய 11 மில்லி கூட்டினால் பின் அச்சின் நீளம் கிடைக்கும். 130 மில்லி ஹப்புக்கு 141, 135 மில்லி ஹப்புக்கு 146. முன்னால் 100 மில்லி ஹப்புக்கு 108 மில்லி அச்சு வரும்.

என் பின் ஹப் 130. கடையில் போட்டது 146.

கடையில் விட்ட அன்று நடந்ததைச் சொல்கிறேன். "அண்ணே, ஒரு மணி நேர வேலைதான், விட்டுட்டுப் போங்க. எல்லாம் ஷிமானோ சாமான்" என்றார் கடைக்காரர். அச்சு, கோன் (அச்சில் ஏறி பேரிங் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு), குண்டு, லீவர் எல்லாம் புதுசு, கூலியும் சேர்த்து 160. நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் இல்லை, டேப் இல்லை, சக்கரத்தைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் போய் எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. லீவரை மடக்கிப் பார்த்தேன், கையில் தடம் விழும் அளவுக்கு இறுக்கம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். பழைய அச்சைக் கேட்டேன், "தூக்கிப் போட்டாச்சு அண்ணே" என்றார்.

அடுத்த ஞாயிறு லிந்தாங் சாலையிலிருந்து திரும்பி செம்பனைக்குள் போகும் மண் பாதையில் ஏறினேன். எழுந்து நின்று மிதித்தேன். செயின் பக்கம் சக்கரம் முன்னால் இழுபட்டு, டயர் ஃப்ரேமின் இடது பக்கக் குழாயில் மோதி நின்றுவிட்டது. மேடு என்பதால் வேகம் இல்லை, விழவில்லை. இதே வேலையை முன்சக்கரம் இறக்கத்தில் செய்திருந்தால் இந்தப் பதிவை என் மனைவிதான் எழுதியிருப்பார். லீவரைப் பார்த்தால் மடங்கியபடியே இருக்கிறது. திறந்து, நட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்கி, மறுபடி மடக்கினேன். லீவர் முன்பைவிடக் கடினம், ஆனால் சக்கரம் கையால் தள்ளினாலே அசைகிறது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தோட்டத்து ரப்பர் பால் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது, இரும்பைப் பற்றித் தெரியும். லீவர் கம்பியை உருவி எடுத்துவிட்டு, பள்ளத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "என்னப்பா, அச்சு வெளிய துருத்திக்கிட்டு நிக்குது! இது சக்கரத்தையா பிடிக்கும்? தன்னைத்தானே பிடிச்சிக்கிட்டுல்ல இருக்கு" என்றார். வெர்னியர் வைத்தார். அச்சு 146, பள்ளம் உள்ள ஃப்ரேம் தகட்டின் கனம் 6 மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கத்துக்கு 8 மில்லி வெளியே வருகிறது என்றால், தகட்டைத் தாண்டி 2 மில்லிக்கு மேல் நிற்கிறது. லீவரின் முழு பலமும் அச்சின் இரண்டு முனையில்தான் போய் இறங்குகிறது. ஃப்ரேமுக்கு ஒன்றும் இல்லை. கைக்கு இறுக்கமாகத் தெரிந்தது அதனால்தான்.

இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். லீவர் கம்பியை முழுக்கக் கழற்றிவிட்டு, சக்கரத்தை அதன் இடத்தில் உட்கார வைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அச்சு முனை தகட்டின் வெளிமுகத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருந்தால் சரி. சமமாக இருந்தாலே சந்தேகம். வெளியே இருந்தால் அந்த சைக்கிளை ஓட்டாதீர்கள்.

அப்புறம் பெரியப்பா விடவில்லை, எல்லாவற்றையும் பிரித்தோம். பின் ஹப்பில் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு கால் அங்குலக் குண்டு 9 வரும். ஒரு பக்கம் 9, மறுபக்கம் 8. அதுவும் பழைய குண்டுகள், சில கறுத்துப் போனவை. பில்லில் 'பேரிங் பாரு' (புது பேரிங்) என்று எழுதிக் காசு வாங்கியிருந்தார்கள். கோன் புதிதுதான். புதிதாக இல்லாமலும் முடியாது. என் பழைய பின் அச்சு 3/8 அங்குலம், முன் அச்சு 5/16. வெற்று அச்சு பின்னால் 10 மில்லி, முன்னால் 9 மில்லி, மரை வேறு. பழைய கோன் இதில் ஏறவே ஏறாது. ஆனால் மரை பொருந்தினால் மட்டும் போதாது. கோனின் வளைவு ஹப்பில் குண்டு உட்காரும் கிண்ணத்தோடும் குண்டின் அளவோடும் சேர வேண்டும். இவர்கள் போட்ட கோனில் குண்டு ஓரத்தில் ஓடிய தடம் தெரிந்தது.

இன்னொரு தவறும் செய்திருந்தார்கள், இது நல்ல கடைகளிலும் நடக்கும். நட்டுச் சக்கரத்தில் கோனை ஆட்டமே இல்லாமல் வைப்பார்கள். குவிக் ரிலீசில் லீவரை மடக்கும்போது வெற்று அச்சு இம்மியளவு நெருங்கும். அதனால் சக்கரம் வெளியே இருக்கும்போது கோனில் மிக மெல்லிய ஆட்டம் விட வேண்டும், லீவர் மடங்கியதும் அது மறைந்துவிடும். ஆட்டம் விடாவிட்டால் குண்டு நசுங்கி ஓடும். கோன் தேய்ந்தால் மாற்றலாம். ஹப்பின் கிண்ணம் குழி விழுந்தால் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற வேண்டியதுதான். என் கிண்ணம் தப்பித்தது, அதிகம் ஓட்டவில்லை என்பதால்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. முன் ஃபோர்க்கைத்தான் மன்னிக்க முடியவில்லை.

5/16 அச்சுக்குச் செய்த ஃபோர்க்கில் பள்ளம் 8 மில்லி அகலம்தான் இருக்கும். 9 மில்லி அச்சு உள்ளே போகாது. தெரிந்தவர்கள் இரண்டு பக்கச் சுவரையும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக ராவுவார்கள். பள்ளத்தின் உச்சியைத் தொடாமல், சக்கரத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். அரை மணி நேரப் பொறுமை வேண்டிய வேலை. இவர்கள் கிரைண்டரை எடுத்திருக்கிறார்கள். வலது பக்கம் உச்சியையும் சேர்த்து 2 மில்லி தின்றுவிட்டது. பெயின்ட் கருகி, மேலே கறுப்பு ஸ்ப்ரே அடித்து மறைத்திருந்தார்கள்.

2 மில்லிதானே என்று தோன்றும். ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே 100 மில்லி. அங்கே 2 மில்லி சாய்ந்தால், அச்சிலிருந்து முப்பது சொச்சம் சென்டிமீட்டர் மேலே பிரேக் கட்டை இருக்கும் இடத்தில் ரிம் 6, 7 மில்லி ஒரு பக்கமாகப் போய்விடும். அது தெரியாமல் இருக்க பிரேக்கையே ஒரு பக்கமாகத் திருகி வைத்திருந்தார்கள். தப்பை மறைக்கத் தெரிந்தவருக்கு அது தப்பு என்றும் தெரிந்துதானே இருக்கும்?

சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குற்றம் சக்கரத்திலா ஃபோர்க்கிலா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வு அதே பக்கம் இருந்தால் ஃபோர்க் கோணல். சாய்வு பக்கம் மாறினால் சக்கரத்தின் ஆரக் கம்பிகளை இழுத்து ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். என்னுடையது எப்படிப் போட்டாலும் ஒரே பக்கம்தான்.

லீவரும் ஷிமானோ இல்லை. பெயரே இல்லாத அலுமினிய லீவர், அமுக்கும் கட்டை வெளியே தெரியும் வகை. உள்ளே மூடிய இரும்புக் கட்டை உள்ள லீவர் இதைவிட நன்றாகப் பிடிக்கும். என் சைக்கிளில் பின் அச்சுப் பள்ளம் முன்பக்கம் திறந்து கிடைமட்டமாக இருக்கும். அந்த மாதிரி ஃப்ரேமில் செயின் இழுக்கிற இழுப்புக்கு நல்ல லீவர் கட்டாயம் வேண்டும். செங்குத்தான பள்ளம் உள்ள ஃப்ரேமில் கொஞ்சம் மட்டமானது போட்டாலும் சக்கரம் முன்னால் ஓடாது. இந்த வித்தியாசத்தைக் கடையில் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில், நான் லீவரைச் சரியாகப் போடவில்லை என்றார். அளவைக் காட்டினேன். "எனக்கு ஒரு சைஸ்தான் வருது அண்ணே, எல்லாருக்கும் இதான் போடுறேன்" என்றார். இந்த 'எல்லாருக்கும்' என்ற வார்த்தைக்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. அதே 146 அச்சோடு இந்த ஊரில் இன்னும் எத்தனை சைக்கிள் ஓடுகிறதோ. ஃபோர்க்கைப் பற்றிக் கேட்டதற்கு, "பழைய சைக்கிள்தானே, அதுக்குப் போயி ஏன் இவ்வளவு" என்றார். காசைத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் வேறு லீவர் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சின்ன ஊர்க் கடையில் எல்லாச் சாமானும் இருக்காது, அதைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் சைக்கிளுக்கு டியூப் ஒட்ட அந்தக் கடைக்குத்தான் நானும் போவேன். "இது என்னால ஆகாது, ஈப்போ போங்க" என்று சொல்லியிருந்தால் அவருக்கும் நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை.

காசு கொஞ்சம்தானே என்று விட மனமில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவை செய்கிறவர் ஒழுங்கான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது பயனீட்டாளருக்குள்ள உத்தரவாதம். அதன் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில், படங்கள், கடைக்காரரோடு பேசிய வாட்சப் செய்திகள், வெர்னியர் வைத்து எடுத்த படம் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் பில் வெறும் 'சர்வீஸ்' என்று இருந்தால், எந்தச் சாமான் போட்டார்கள் என்று கடையிலேயே எழுதி வாங்குங்கள். பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். அது இருந்திருந்தால் என் வேலை இன்னும் சுலபம்.

பின்சக்கரத்தைப் பெரியப்பாவே சரி செய்தார். அச்சின் இரண்டு முனையிலும் இரண்டரை மில்லி வெட்டி, மரையை அரத்தால் ஒழுங்குபடுத்தி 141-க்குக் கொண்டுவந்தார். குண்டு புதிதாக 9, 9. கோனும், உள்கட்டை வைத்த இரும்பு லீவரும் ஈப்போவில் வாங்கினேன். இப்போது எழுந்து நின்று மிதித்தாலும் நகரவில்லை.

ஃபோர்க்தான் இன்னும் கிடைக்கவில்லை. 700சி சக்கரத்துக்கு, 1 அங்குல மரை வைத்த இரும்பு ஃபோர்க், 9 மில்லி பள்ளத்தோடு யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். கழுத்துக் குழாய் 180 மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தைப்பிங், ஈப்போ, கோலகங்சார் எங்கே என்றாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன். வரும்போது வெர்னியரையும் எடுத்து வருவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.