நுவரெலியா பேல் பஜார்: அமெரிக்கக் கல்லூரி ஜேர்சி தேடுகிறவர்களுக்கு

கட்டுக் கட்டாக வரும் குளிர் உடுப்புகளை விற்கும் பேல் பஜாரில் ஜாக்கெட் வாங்காத வீடு மலையகத்தில் குறைவு. ஆனால் அங்கே தொங்கும் அமெரிக்கக் கல்லூரி ஹூடி, ஜேர்சிகளைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலை விடாமல் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் துணி. உள்பக்கம் மெத்தென்று இருக்கும் கனமான ஹூடிதான் நம் குளிருக்குச் சரி, மெல்லியது ஹட்டனில் தாங்கும், ஜனவரி விடியற்காலை நுவரெலியாவில் தாங்காது. கழுத்து லேபிளைப் பாருங்கள். குறுக்கே வெட்டியிருந்தால் பெரும்பாலும் கார்மென்ட் தொழிற்சாலையில் மிஞ்சியது, புதுசு. லேபிள் முழுசாக இருந்து மங்கியிருந்தால் யாரோ போட்டுக் கழித்தது. இரண்டும் ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன, விலையிலும் பெரிய வித்தியாசம் சொல்வதில்லை. எழுத்தை விரலால் தடவிப் பாருங்கள், தையல் என்றால் வாங்கலாம், ஒட்டின பிரிண்ட் நாலு துவையலில் உரிந்துவிடும்.

நான் எடுத்தது புல்மன் என்ற சின்ன ஊரில் இருக்கும் வொஷிங்டன் ஸ்டேட் கல்லூரியின் ஜேர்சி. கருஞ்சிவப்பு, நெஞ்சில் சின்னக் கேடயம், அதற்குள் மலையும் அலையும்: அமெரிக்க மேற்குப் பக்கக் கல்லூரிகள் ஆடிய பேக்-12 லீக்கின் சின்னம். "நானா, இதே மாதிரி வேற இருக்கா?" என்று கேட்டதும் கடைக்காரர் மேலே இருந்த துணிக்கட்டையே இறக்கிப் போட்டார். "பாருங்க தம்பி, அவசரமில்ல." அந்தப் பொறுமைக்கே இன்னொரு தடவை போகலாம். 3,500 சொன்னார், 2,800க்குத் தந்தார்.

அந்தக் கேடயத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், 12 கல்லூரிகள் இருந்த அந்த லீக்கிலிருந்து 2024இல் 10 கல்லூரிகள் போய்விட்டன. லொஸ் ஏஞ்சல்ஸின் யூஎஸ்சியும் யூசிஎல்ஏயும் 2022 ஜூனிலேயே பிக் டென் என்ற இன்னொரு லீக்குக்குப் போவதாக அறிவித்தன, அடுத்த வருடம் ஒரிகனும் சியாட்டிலில் இருக்கும் வொஷிங்டனும் (வொஷிங்டன் ஸ்டேட் வேறு கல்லூரி) அதே வழியில் போயின, நாலு கல்லூரிகள் பிக் 12 லீக்குக்கு, கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கேலும் அட்லாண்டிக் கரை லீக்குக்கு. எல்லாம் டிவி காசு. எந்த ஊரில் எத்தனை வீட்டில் டிவி ஓடுகிறது என்பதுதான் கணக்கு. 2014இல் நியூ ஜேர்சியின் ரட்கர்ஸை பிக் டென் சேர்த்ததே பக்கத்தில் நியூயோர்க் சந்தை இருந்ததால்தான். அந்தக் கணக்கில் புல்மன் மாதிரிச் சின்ன ஊருக்கு இடமில்லை. வொஷிங்டன் ஸ்டேட்டும் ஒரிகன் ஸ்டேட்டும் மட்டும் தனியாக நின்றன.

எனக்கு இதில் கோபம் உண்டு. புல்மனில் ரசிகன் குறைந்துவிடவில்லை, ஊர்தான் சின்னது. நம் கிரிக்கெட் லீக்கான எல்பிஎல்லில் நுவரெலியா பெயரில் அணி கிடையாது, நாம் கண்டிக்குக் கை தட்டுகிறோம், அதற்காக நம் ஆட்டப் பைத்தியம் குறைச்சலா? வொஷிங்டனும் வொஷிங்டன் ஸ்டேட்டும் 1900 முதல் மோதுகிற ஆட்டம், வழக்கமாக நவம்பர் கடைசியில் சீசனை முடித்துவைப்பது. லீக் பிரிந்த பிறகு, 2024இல் அதைச் செப்டம்பருக்குத் தள்ளினார்கள். அன்றைக்கு சியாட்டிலில் 24-19 என்று வொஷிங்டன் ஸ்டேட் ஜெயித்ததைப் பார்த்தவன் நான், அதனால் இந்த ஜேர்சியை விட்டுவிட்டு வர மனசில்லை. 2026இல் பொய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்று புதுக் கல்லூரிகளைச் சேர்த்து பேக்-12 மறுபடி எழுகிறது, ஆனாலும் பழைய பன்னிரண்டு பேரின் காலத்து ஜேர்சி கிடைத்தால் எடுத்துவிடுங்கள்.

சரி, குறைகள். போட்டுப் பார்க்க இடம் இல்லை. உள்ளே ஒரு பல்ப் வெளிச்சம்தான், வொஷிங்டனின் ஊதா அதில் கருநீலமாகத் தெரிகிறது, வாசலுக்குக் கொண்டுபோய் நிறம் பாருங்கள். வேறொரு கடையில் எடுத்த ஹூடியின் சிப் வீட்டுக்கு வருமுன்னே கழன்றது, மாற்றித் தரமாட்டோம் என்றார்கள். வாங்குமுன் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள்.

ஏப்ரல் சீசனில் போகாதீர்கள், கூட்டமும் விலையும் ஏறிவிடும். வார நாளில் காலையில் போனால் கட்டுகளை நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். அளவு அமெரிக்க அளவு, நம்மூரில் எம் போடுகிறவர் எஸ் கேளுங்கள்.