கடலுக்குள் போகிற கேமராவில் ஒரு பொம்மை ரயில்: ஒலிம்பஸ் டஃப் டிஜி-6

நீச்சல் தெரியாத ஆளுக்கு 15 மீட்டர் ஆழத்தில் வேலை செய்கிற கேமரா எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் அதை வைத்து எடுப்பதெல்லாம் 28 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நீராவி இன்ஜினை. அதுவும் வில்லிவாக்கத்து மொட்டைமாடியில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில்.

அந்த இன்ஜின் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தங்கை அனுப்பியது. அவள் இங்கிலாந்தில் டான்காஸ்டரில் நர்ஸாக இருக்கிறாள். ஹார்ன்பி தயாரிப்பு, டபுள் ஓ அளவு, அதாவது நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு. பிளையிங் ஸ்காட்ஸ்மன், எண் 4472, ஆப்பிள் பச்சை நிறம். நிஜ வண்டி 1923-ல் அதே டான்காஸ்டர் பட்டறையில்தான் பிறந்தது.

முதலில் பழைய டிஎஸ்எல்ஆரில் எடுத்துப் பார்த்தேன். புகைபோக்கி பளிச்சென்று இருந்தது, பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டர் மங்கலாகக் கரைந்துபோயிருந்தது. பார்த்த உடனே பொம்மை என்று தெரிந்தது. காரணம் பிறகு புரிந்தது. 50 மி.மீ. லென்ஸை எஃப்/8-ல் வைத்தால் வெளிச்சம் நுழைகிற துளை சுமார் 6 மி.மீ. துளை சிறியதாக இருந்தால்தான் முன்னும் பின்னும் கூர்மையாக விழும். நிஜ ரயிலைப் படம் எடுக்க அது சிறிய துளை. ரயில் 76 மடங்கு சுருங்கிவிட்டதே, அப்படியானால் துளையும் சுருங்க வேண்டும். கணக்குப்படி 0.08 மி.மீ. வருகிறது. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறி, படம் முழுக்கவே மழுங்கிவிடும். ஆக பெரிய கேமரா, பெரிய லென்ஸ் என்று காசைக் கொட்டுவது இந்த வேலைக்கு எதிர்த்திசையில் ஓடுவது. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆயிற்று.

டிஜி-6 இங்கேதான் கைகொடுக்கிறது. 2019-ல் வந்த மாடல். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன சென்சார், 12 மெகாபிக்சல், லென்ஸ் 4.5 மி.மீ.யில் இருந்து 18 மி.மீ. வரை. வேறு யாராவது இதைக் குறையாகச் சொல்லுவார்கள். எனக்கு அதுதான் வரம். துளை இயல்பிலேயே சின்னது, அதனால் முன்னும் பின்னும் கூர்மையாக விழுகிறது. அதுவும் போதாத இடத்தில் ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று ஒரு வசதி: ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி 3 முதல் 10 படங்கள் வரை எடுத்து, கேமராவுக்குள்ளேயே ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத் தேவையில்லை. முன்னால் முட்டுத் தாங்குகிற பஃபரில் உள்ள ஆணித்தலையும் தெரிகிறது, டிரைவர் நிற்கிற கூண்டின் ஜன்னலும் தெரிகிறது. டெண்டரின் கடைக்கோடி மட்டும் லேசாக மங்கும். பத்துப் படத்தில் 28 சென்டிமீட்டரையும் கேட்பது என் பேராசை. அந்த இடத்தில் ஒரு மரத்தை நட்டு மறைத்துவிடுகிறேன்.

இன்னொரு சௌகரியம், ஜூம் செய்தாலும் லென்ஸ் வெளியே நீளாது. பிளாட்பாரத்துக்கும் சரக்குக் கொட்டகைக்கும் நடுவில் கேமராவைச் செருகிவிடலாம். நிஜத்தில் நின்று பார்க்கிறவருடைய கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். இந்த அளவில் அது 21 மி.மீ. தண்டவாளப் பலகையின் ஓரத்துக்கு வெளியே, கொஞ்சம் தாழ்வாக ஒரு ஸ்டூலைப் போட்டு, நோட்டுப் புத்தகங்களை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவருவேன். அசையாமல் இருக்க அடியில் கால் கிலோ அரிசிப் பை. ட்ரைபாட் இவ்வளவு கீழே இறங்காது. மேலே இருந்து குனிந்து எடுத்த படத்தை என்ன செய்தாலும் அது பொம்மைதான்.

ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கலாம் என்று சொல்கிறார்கள் என்பதற்காக நெருங்கிவிடாதீர்கள். இன்ஜினின் மூக்கு யானைத்தலை மாதிரி உப்பிவிடும். நான் 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, கொஞ்சம் ஜூம் செய்கிறேன். நிஜக் கணக்கில் அது 19 மீட்டர், வேலியோரம் நின்று படம் எடுத்த ஆள் மாதிரி. நேர் எதிரேயும் வைக்காதீர்கள். டபுள் ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ., அளவுப்படி 18.83 இருந்திருக்க வேண்டும். முன்னால் இருந்து பார்த்தால் ஒடுங்கிய காலில் பெரிய உடம்பு நிற்கும்.

வெளிச்சத்துக்கு நான் ஒரு பைசாகூடச் செலவு செய்யவில்லை. எத்தனை எல்இடி விளக்கு வைத்தாலும் நிழல் ரெண்டாக மூன்றாக விழுகிறது. உலகத்தில் ஒரே சூரியன் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் சென்னைச் சூரியனில் ஒரு வில்லங்கம். ஏப்ரல் மதியம் அது உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். லண்டனில் நடுக்கோடை மதியத்தில்கூட 62 டிகிரிக்கு மேல் ஏறாது, டிசம்பரில் 15 டிகிரிதான். பதினொரு மணிக்கு எடுத்த என் படங்களில் சக்கரங்கள் எல்லாம் கறுப்புக் குழிக்குள் கிடந்தன. இப்போது காலை ஏழரைக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல்தான்.

அப்புறம் சரித்திரம். பெருமையோடு ஒரு படத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் பக்கத்து வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, “இது எந்த வருடம்?” “அண்ணா, நீ மாட்டிக்கிட்ட” என்று எழுதினாள்.

மாட்டிக்கொண்டதுதான். இன்ஜினுக்குப் பின்னால் அரக்குச் சிவப்பில் மார்க் 1 என்கிற வகைப் பயணிகள் பெட்டிகளைக் கோத்திருந்தேன். அவை 1951-க்குப் பிறகு வந்தவை. சரி, இன்ஜின் 1963-ல் ஓய்வு பெற்று, ஒரு தனியார் வாங்கி, மறுபடி 4472 என்று எழுதி ஓட்டினாரே, அந்தக் காலம் என்று சமாளிக்கப் பார்த்தேன். அதற்கும் வழியில்லை. 1947 ஜனவரியில் அது ஏ1 வகையிலிருந்து ஏ3 ஆக மாற்றப்பட்டபோது, புகைப்பெட்டியின் இரண்டு பக்கமும் சின்னச் செவ்வக மூடிகள் துருத்திக்கொண்டு வந்தன. என்னிடம் இருப்பது அந்த மூடி இல்லாத ஏ1. அப்படி ஒரு ரயில் ஓடிய நாள் காலண்டரிலேயே கிடையாது. மோசமான கேமராவாக இருந்திருந்தால் அந்த இடம் மங்கலில் தப்பித்திருக்கும். டிஜி-6 காட்டிக்கொடுத்துவிட்டது.

இப்போது 1928 என்று முடிவு செய்துவிட்டேன். அந்த வருடம் மே 1-ஆம் தேதிதான் இந்த இன்ஜின் லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ வரை 392 மைல், எங்கும் நிற்காமல் போயிற்று. ஓடுகிற வண்டியிலேயே டிரைவர்கள் மாறிக்கொள்ள டெண்டருக்குள்ளேயே 18 அங்குல அகலத்தில் ஒரு நடைபாதை வைத்திருந்தார்கள். என் மாடலில் அது 6 மி.மீ. பெட்டிகள் வார்னிஷ் அடித்த தேக்கு. சக்கரங்களை இணைக்கிற பக்கவாட்டு ராடு கீழே இறங்கி நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பிவைக்க வேண்டும். அந்தக் காலப் படக்காரர்களுக்கு அதில் ஒரு பிடிவாதம் உண்டு. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சும்மா நிறத்தை உறிஞ்சிவிட்டால் போதாது. அப்போது பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. முன்பக்கத்துச் சிவப்புப் பலகை ஏறக்குறைய கறுப்பாக வரவேண்டும், நீல வானம் வெள்ளையாகப் போகவேண்டும். போனில் சிவப்பைக் குறைத்து நீலத்தை ஏற்றினால் வந்துவிடுகிறது.

பழைய கேமராதான் வாங்கினேன், 18,000 ரூபாய். விற்றவர் பெயர் வேண்டாம். “தண்ணியே பட்டதில்ல சார்” என்றார். பேட்டரி மூடியின் ரப்பர் ஓரத்தில் கடல் மணல் இருந்தது. நீந்துவதற்காக வாங்குகிறவர்கள் அந்த ரப்பரைப் பார்த்து வாங்குங்கள். ஷட்டர் வேகத்தை நாமே வைத்துக்கொள்கிற வசதி இதில் இல்லை. நிற்கிற ரயிலுக்கு அது எதற்கு? இருட்டினால் மட்டும் சின்ன சென்சாரில் மணல் தெளித்த மாதிரி புள்ளிகள் ஏறும். 1928-க்கு அதுகூடப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 2023-ல் டிஜி-7 வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை, பார்க்கிற உத்தேசமும் இல்லை.

போன ஞாயிறு புதிய படத்தை டான்காஸ்டருக்கு அனுப்பினேன். தேக்குப் பெட்டி, தாழ்ந்த வெயில், கறுத்த பலகை, எல்லாம் சரி. பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்தாராம். விளக்கு ஒன்றே ஒன்று புகைபோக்கிக்கு அடியில் இருக்கிறதே, அது ஊர் ஊராய் நின்று போகிற பாசஞ்சருக்கு உரியது என்றாராம். எக்ஸ்பிரஸுக்கு இரண்டு, பஃபருக்கு மேலே ஒன்று ஒன்றாக. அந்த நெல்மணி அளவு விளக்கைப் பிடுங்கி இடம் மாற்றும்போது கைப்பிடிக் கம்பியை ஒடித்துவிட்டேன். ஃபெவிகுவிக் காய்ந்துகொண்டிருக்கிறது.