கலங்கிய மனதுக்கு முதலில் எது: தெசலோனிக்கேயரா, வெளிப்படுத்தலா?

துக்க வீட்டாருக்கு, வேதத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய நிருபமான 1 தெசலோனிக்கேயரில் 4:13-18 போதும். ஆறே வசனம். மரித்த விசுவாசிகள் கர்த்தராகிய இயேசுவின் இரண்டாம் வருகையைத் தவறவிடுவார்களோ என்ற கவலைக்குப் பவுலின் பதில் இது: அவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள். பகுதி முடிவதே ‘தேற்றுங்கள்’ என்றுதான். பலரோ 17-ம் வசனத்தில் மேகங்களைக் கண்டதும் வருகையின் தேதியைக் கணக்கிட இறங்கி, 18-க்கு வந்து சேருவதே இல்லை. 5:2-ல் அந்த நாள் திருடனைப்போல வரும் என்றிருப்பதும் கண்ணில் படாது.

வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 22 அதிகாரம். உபத்திரவத்தில் இருப்பவருக்கு இதுவே பலம். ஆனால் 6-ம் அதிகாரத்தில் சுருளின் முத்திரைகள் உடைந்து அழிவுகள் வரத் தொடங்கியதும் புதியவர் மிரண்டு வேதத்தை மூடிவிடுவார். 1 முதல் 3 அதிகாரம் வரை வாசித்து, 4-5 சிங்காசனக் காட்சியில் நிதானமாக நின்று, நேரே 21:1-7-க்குப் போகலாம். கண்ணீர் துடைக்கப்படுவது அங்கே, 4-ம் வசனத்தில். நியாயத்தீர்ப்பைச் சொல்லும் எக்காளமும் கலசமும் அடுத்த வாரம்.